வெள்ளிக்கிழமை மேட்னியில் இல்லாத ஒன்பதாவது ரீல்

இந்த ஊர் சினிமா தியேட்டர் மாதம் ஒரு மடிப்புத் தாள் வெளியிடுகிறது. ரொட்டிக் கடையிலும் நூலகத்திலும் அடுக்கி வைத்திருப்பார்கள். படத்தின் பெயர், நாடு, ஆண்டு, அதற்குப் பக்கத்தில் ஓடும் நேரம். தொண்ணூற்றேழு நிமிடம், நூற்றுப் பதின்மூன்று நிமிடம் என்று துல்லியமாக அச்சிட்டிருக்கும். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒரு முறை கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தேன். நூற்றுப் பதின்மூன்று என்று போட்டிருந்த படம் நூற்றுப் பதின்மூன்று நிமிடமே ஓடியது. ஆம்பூரில் ஒரு படம் எத்தனை நிமிடம் என்று யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "எப்போ வுடுவான்?" என்றுதான் கேட்போம். அதற்கு வரும் பதிலும் நாளுக்கு நாள் மாறும்.

நான் இருப்பது ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு செருப்புத் தைத்த ஊர். தொழிற்சாலைகள் எல்லாம் இப்போது அடுக்குமாடி வீடுகள். மிச்சமிருப்பவை சில வடிவமைப்பு நிறுவனங்களும் ஒரு பரிசோதனைக்கூடமும். என் கணவருக்கு அந்தக் கூடத்தில் வேலை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கமிருந்து வரும் தோலை இயந்திரத்தில் மாட்டி, எவ்வளவு இழுத்தால் கிழிகிறது என்று குறித்துக்கொள்வார். என் அப்பா ஏழுமலை ஆம்பூர் டேனரி ஒன்றில் தோல் சுழலும் டிரம்மை ஓட்டி ஓய்வு பெற்றவர். "மாமனார் பதம் பண்ணி அனுப்பனத மாப்ள கிழிக்கிறாரு" என்பார் அப்பாவின் நண்பர் கரீம் பாய்.

செருப்புத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய தியேட்டர்தான் மடிப்புத் தாள் போடும் இந்தக் கீனோ. கட்டி நூறு ஆண்டு ஆகிறது. உரிமையாளர் மூட நினைத்தபோது ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்து எடுத்துக்கொண்டார்கள். புதுப் படம் அதிகம் வராது. பழைய படங்கள், மறக்கப்பட்ட படங்கள், ஒரே இயக்குநரின் படங்கள் என்று வாரம் ஒரு வரிசை நடக்கும். வேலை செய்பவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள். ஆபரேட்டர் மட்டும் நிரந்தரம்: ஹெல்கா. எழுபதைத் தொடுபவர், குள்ளமானவர், கழுத்தில் எப்போதும் மூக்குக்கண்ணாடி தொங்கும். ஏழு ஆண்டுகளுக்கு முன்னால், இந்த ஊரில் யாரையும் தெரியாமல், பத்திரிகை வேலையை விட்ட கையோடு மொழியும் இல்லாமல் நின்றபோது, என் சான்றிதழ் எதையும் கேட்காமல் டிக்கெட் கிழிக்கும் வேலையைக் கொடுத்தவர் அவர். "நீங்கள் எந்த வரிசையில் உட்காருவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். கடைசியிலிருந்து மூன்றாவது என்றேன். போதும் என்று தலையாட்டினார். நான் ஜெர்மன் கற்றது வகுப்பில் பாதி, அந்த மூன்றாவது வரிசையில் பாதி.

ஆம்பூரில் அப்பாவின் டேனரிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஆகவே அவருக்கும் கரீம் பாய்க்கும் டிரம் பிரிவு ஆட்களுக்கும் சினிமா என்றால் வெள்ளிக்கிழமை மேட்னி. கோடை விடுமுறையில் என்னையும் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போவார். மற்ற நாட்களில் இரண்டரைக்குத் தொடங்கும் மேட்னி, வெள்ளிக்கிழமை மட்டும் முக்கால் மணி நேரம் தள்ளித் தொடங்கும். ஜும்மா தொழுகை முடிந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஆட்கள் வந்து சேர வேண்டும். தியேட்டர்காரர் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பார். கூட்டம் வந்த பிறகுதான் மணி அடிப்பார். மாலைக் காட்சி மட்டும் எந்நாளும் நேரம் தவறாது. நடுவில் போன அந்த முக்கால் மணி நேரத்தை எங்கே ஈடுகட்டினார்கள் என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை.

அந்தத் தியேட்டரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஆண்டுதோறும் திரும்பி வரும். அதை எடுத்தவர் பெரிய பெயர் வாங்கவில்லை. ஆனால் படத்தின் ஒரு பகுதியை எங்கள் ஊரை ஒட்டிய பாலாற்று மணலில் எடுத்தார்கள் என்பதால் ஊருக்கு அதன்மேல் ஒரு சொந்தம். படப்பிடிப்பின்போது அப்பாவுக்குப் பத்தொன்பது வயது. ஆற்றைக் கடக்கும் ஊர் ஜனம் வேண்டும் என்று ஆள் திரட்டியிருக்கிறார்கள். அப்பா ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டு, கரீம் பாயின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, பின்னால் ஆட்டுத்தோல் மூட்டையைக் கட்டி, மணலில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். நாலு தடவை நடக்கவிட்டார்களாம். ஆளுக்கு ஒரு குஸ்கா பொட்டலம். படம் வந்ததும் முதல் வெள்ளிக்கிழமையே டிரம் பிரிவு மொத்தத்தையும் அழைத்துப் போயிருக்கிறார். ஆறு வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. அன்றிலிருந்து அவர் பெயர் ஆக்டர்.

"இன்னா ஆக்டரே, இந்த வாட்டியாவது வந்தியா?" என்பார் கரீம் பாய், ஒவ்வொரு முறையும் படம் விட்டு வெளியே வரும்போது.

"கட் பண்ட்டாங்கடா."

"ஒன்ன மட்டுமா, ஆத்தையே கட் பண்ட்டாங்களா?"

அப்பா சிரித்துவிட்டு சைக்கிளைத் தள்ளுவார். சலூன்காரர் ஒருவர், தான் அந்தப் படத்தில் ஆற்றைப் பார்த்ததாக ஒரு தரம் சொன்னார். அது வேறு படம் என்று எல்லோரும் சேர்ந்து அவர் வாயை அடைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் ஆக்டர் பொண்ணு. படித்து முடித்து வேலூரில் ஒரு நாளிதழின் செய்தியாளர் ஆனபோதும், ஆம்பூர் பேருந்து நிலையத்தில் இறங்கினால் ஆக்டர் பொண்ணுதான்.

நாளிதழில் இருந்தபோது, மாவட்டத்தில் எடுக்கப்பட்ட படங்களைப் பற்றி ஞாயிறு இணைப்புக்கு அரைப்பக்கக் கட்டுரை ஒன்று எழுதினேன். விரிஞ்சிபுரம் கோயில், காவேரிப்பாக்கம் ஏரி, எங்கள் பாலாறு எல்லாவற்றுக்கும் போய் ஆட்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். அந்த வாரம் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "என்னையும் ஒரு வரி போடேன்."

"படத்துலயே இல்லையேப்பா. ஆதாரம் இல்லாம எப்டிப் போடறது?"

"சரி, வுடு" என்றார்.

கட்டுரை வந்தது. அப்பா அதை அம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார் என்று பின்னால் தெரிந்தது. சரிபார்க்க முடியாத தகவலை விட்டுவிட்டேன். தொழில் அப்படித்தான் கற்றுக் கொடுத்தது. அதில் எனக்கு அப்போது எந்த உறுத்தலும் இல்லை.

போன குளிர்காலத்தில் ஹெல்கா என்னை மேலே ஆபரேட்டர் அறைக்கு அழைத்தார். மறக்கப்பட்ட இந்தியப் படங்கள் என்று ஒரு வரிசை போடுகிறார்களாம். ஓர் ஆவணக் காப்பகத்தில், என்றோ ஒரு திரைப்பட விழாவுக்கு வந்து திரும்பிப் போகாத தமிழ்ப் பிரதி ஒன்று இருக்கிறது. பெட்டியில் இருந்த எழுத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். படித்தேன். எங்கள் பாலாற்றுப் படம். அடியெழுத்து, அதாவது சப்டைட்டில், இல்லாத பிரதி. அந்தக் காலத்து விழாக்களில் காதுக்கருவியில் மொழிபெயர்ப்புச் சொல்வார்களாம். இப்போது வசனங்களை ஜெர்மனில் தயார்செய்து, திரைக்குக் கீழே ஒவ்வொரு வரியாக யாராவது போட வேண்டும். "உங்களைத் தவிர வேறு யார்?" என்றார் ஹெல்கா. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு எழுத்து வேலை. உடனே சரி என்றேன்.

வசனம் எங்கும் கிடைக்கவில்லை. தொலைக்காட்சியில் வராத படம், இணையத்தில் இரண்டு பாட்டு மட்டும். பிரதியோ காட்சிக்கு முந்தைய நாள்தான் வந்து சேரும். ஆனால் எனக்கு அப்பா இருந்தார். டிரம் சுற்றும் சத்தத்துக்கு மேல் இவர்கள் அந்த வசனங்களைக் கத்திக் கத்தியே வேலை பார்த்தவர்கள். ஒன்றரை மாதம், தினமும் அவருடைய சாயங்காலத்தில், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவும் கரீம் பாயும் படத்தை நடித்துக் காட்டினார்கள். நான் எழுதிக்கொண்டேன்.

"இங்க அம்மாக்காரி அழுவா."

"எங்கடா அழுவா? மூஞ்சத் திருப்பிக்குவா. அது அடுத்த சீனு."

"நீ அப்போ முறுக்கு வாங்கப் போய்ட்ட பாய்."

உள்ளேயிருந்து அம்மா, "ரெண்டு பேரும் படத்த முடிச்சிட்டு சாப்புட வர்றீங்களா, இல்ல இன்டர்வெல்ல வர்றீங்களா?" என்பார்.

கதை எளியது. மகனோடு மனத்தாங்கலில் இருக்கும் தாய் நோயில் விழுகிறாள். மகன் அவளைக் கட்டிலிலிருந்து தூக்குகிறான். அடுத்த காட்சியில் அவன் மொட்டைத் தலையோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். நடுவில் எதுவும் இல்லை. "அதான் டைரக்டர் டச்சு" என்று டிரம் பிரிவு முழுக்கச் சொல்லும். எனக்கும் அந்தத் தாவல் மிகவும் பிடிக்கும். மடிப்புத் தாளுக்கு ஹெல்கா அறிமுகம் கேட்டபோது, சாவைக் காட்டாமலே கடந்துபோகும் துணிச்சல் என்று அதைப் பற்றித்தான் ஒரு முழுப் பத்தி எழுதினேன். அச்சாகும் முன் ஹெல்கா ஒன்று கேட்டார்.

"காப்பகம் நூற்று நாற்பத்திரண்டு நிமிடம் என்கிறது. உங்கள் வசனத்தையும் காட்சிக் குறிப்பையும் நான் நேரம் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். பத்து நிமிடம் போலக் குறைகிறதே?"

"அது இன்டர்வெல்" என்றேன். இங்கே அதற்கு பாவ்ஸே.

"பாவ்ஸே வேண்டுமா? இந்தக் கட்டடத்தில் இயந்திரம் தீப்பிடித்தால்தான் பாவ்ஸே."

"வேண்டாம், வேண்டாம். கணக்கில் சேர்த்திருப்பார்கள் என்று சொன்னேன்."

அவர் காப்பகம் சொன்ன எண்ணையே தாளில் குறித்துக்கொண்டு இறங்கிப் போனார். படத்தின் நீளத்தில் முறுக்கு வாங்கும் நேரத்தையும் சேர்ப்பார்கள் என்று நம்ப, எங்கள் பக்கத்து ஆளால்தான் முடியும். நான் அதைக் கொஞ்சமும் சந்தேகிக்கவில்லை.

காட்சி ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. காலையில் நடந்தாலும் இங்கே அதற்கு மாட்டினே என்றுதான் பெயர். நாற்பது பேர் போல வந்திருந்தார்கள். பலர் கையில் மடிப்புத் தாள். நான் கடைசியிலிருந்து மூன்றாவது வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். ஒரு பொத்தானை அழுத்த ஒரு வரி வரும். எட்டு ரீல் வரை ஒரு வரியும் தவறவில்லை. மகன் தாயைத் தூக்கினான். மொட்டைத் தலைக் காட்சிக்கான வரியைத் தயாராக வைத்துக்கொண்டு விரலைப் பொத்தானில் வைத்தேன்.

திரையில் ஆறு வந்தது.

தண்ணீரில்லாத பாலாறு, வெள்ளை வெளேரென்று. தாயைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நாலு பேர் வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்கிறார்கள். அவள் மகனிடம் பேசுகிறாள். அவளுக்கு நான் கொடுக்க ஒரு வரியும் இல்லை. திரைக்குக் கீழே கறுப்பாக இருந்தது. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். தயாரித்து வைத்ததை மூடிவிட்டு, வெறும் பக்கத்தைத் திறந்து, காதில் விழுவதைச் சுருக்கி நேரடியாகத் தட்டச்சு செய்தேன். பதிப்பு மூடும் நேரத்தில் தொலைபேசியில் செய்தி வாங்கும் பழக்கம் கைகொடுத்தது. "மெதுவாப் போங்க." "இந்த மணல்ல ஒங்கப்பா கூட நடந்திருக்கேன்." பிழையான ஜெர்மன்தான், ஆனால் வந்தது.

கட்டிலுக்குப் பின்னால் ஊர் ஜனம் வந்தது. மூன்றாவது ஆளாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன். கட்டம் போட்ட லுங்கி, பின்னால் சாக்கு மூட்டை. இடது கையை ஹேண்டில்பாரில் வைக்காமல் சீட்டில் வைத்துத் தள்ளுகிறான். என்னை உட்காரவைத்துத் தள்ளும்போதும் அப்பா அப்படித்தான் தள்ளுவார். கேமராவுக்கு நேரே வந்ததும் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தான். அந்த நேரத்தில் தாய் சொன்ன இரண்டு வரிகளை நான் போடவில்லை. அதன் பிறகு அவள் பேசவில்லை. மகன் கட்டிலை இறக்கச் சொன்னான். ரீல் முடிந்தது. பத்தாவது ரீலில் மொட்டைத் தலை வந்தது, அதற்குரிய வரியோடு.

படம் முடிந்து விளக்கு போட்டதும் யாரும் எழவில்லை, வழக்கம்போல. நான் எழுந்தேன். நாளிதழில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் என்று நாலு வரி போடுவோம். அப்படி இரண்டு திருத்தம் சொல்ல வேண்டும் என்றேன். முதலாவது, நான் பாராட்டி எழுதிய அந்தத் தாவல் இயக்குநருடையது இல்லை. அவர் சாவை எடுத்திருக்கிறார், நீங்கள் பார்த்தீர்கள், நானும் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இரண்டாவது, சைக்கிளோடு வந்து நம்மைத் திரும்பிப் பார்த்தவர் பெயர் ஏழுமலை, என் அப்பா. தான் இந்தப் படத்தில் இருப்பதாக அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. அவ்வளவுதான். பிறகு ஒரு வயதான அம்மாள், "அந்த மூட்டையில் என்ன?" என்று கேட்டார். தோல் என்றேன். "அப்படியா" என்று எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது ஆண்டு ஷூ மேல்பாகம் தைத்தவராம்.

ஹெல்கா என்னை மேலே கூப்பிட்டு, ஒன்பதாவது ரீலைச் சுற்றும் மேசையில் வைத்துக் கையால் மெல்லச் சுழற்றினார். விளக்குக் கண்ணாடிக்கு மேல் அப்பா நின்றார், நகத்தளவு. நான் ஃபோனில் படமெடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு அழைத்தபோது அங்கே சாயங்காலம்.

"இன்னாம்மா, படம் ஓடிச்சா? இன்டர்வெல் வுட்டாங்களா?"

"வுடலப்பா. அப்பா, நீ வர்ற."

"எங்க வர்றேன்?"

"படத்துல. ஆத்துல, சைக்கிளத் தள்ளிக்கினு."

"வெளையாடாத."

படத்தை அனுப்பினேன். அம்மா "இன்னாவாம்?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அப்பா சொன்னார்: "கேமராவப் பாக்காதீங்க, பாக்காதீங்கன்னு அம்மாந்தரம் சொன்னாரு டைரக்டரு. பாத்துட்டேன் பாரு."

"அதனால இன்னாப்பா?"

"நான் பாத்ததாலதான் ஆத்தையே தூக்கிட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நூறு பேரு வெயில்ல நடந்தாங்கம்மா. எல்லாரயும் நாந்தான் கெடுத்துட்டேன்னு."

இத்தனை ஆண்டுகளில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கரீம் பாய் கேலி செய்யும்போதெல்லாம் அவர் சிரித்ததற்கு என்ன பொருள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "நீ ஒண்ணும் கெடுக்கலப்பா. நாந்தான் ஒரு வரி போடாம வுட்டேன்" என்றேன். "வுடு, வுடு" என்றார். ஃபோன் கைமாறியது. கரீம் பாய் கண்ணாடி தேடிப் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார்.

"மூஞ்சி தெரியல. ஆனா அது என் சைக்கிள்தான், பெல்லு தெரியுது. ஒங்கப்பன விட அது நல்லா நடிச்சிருக்கு."

மறுநாள் அவரே காரணத்தையும் கண்டுபிடித்தார். தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்த பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மேட்னி தாமதமாகத் தொடங்குவதால், மாலைக் காட்சி கெடாமலிருக்க, விளம்பரத்தையும் இன்டர்வெல்லையும் சுருக்கியும் போதாமல், ஆபரேட்டர் ஒரு ரீலையும் ஒதுக்கி வைத்துவிடுவாராம். இந்தப் படத்துக்கு எப்போதும் ஒன்பதாவது. சாவுக் காட்சி, லீவு நாளில் எதற்கு என்று. மற்ற ஆறு நாளும் ஆறு வந்திருக்கிறது, அப்பாவும் வந்திருக்கிறார். வேலைக்குப் போனவர்கள்தான் பார்க்கவில்லை. இந்தத் தகவலை இப்போது இரண்டு இடத்தில் சரிபார்த்துவிட்டேன். நான் அன்று அரைப்பக்கத்தில் விட்ட வரியை, அதைப் படித்த யாராவது இதையும் படிக்கக்கூடும் என்பதால், இங்கே சேர்க்கிறேன்: பாலாற்றுக் காட்சியில் நடந்தவர்களில் ஆம்பூர் டேனரித் தொழிலாளி ஏழுமலையும் ஒருவர்.

எனக்கு அந்தத் தியேட்டர்காரர்மேல் கோபம் வரவில்லை. தொழுது, சாப்பிட்டு வரும் ஆட்களுக்காக வாசலில் நின்று தெருவைப் பார்த்தவர் அவர். இங்கே என் பஸ் தாமதமானால் யாரும் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், பதினொன்றுக்கு விளக்கு அணைந்துவிடும். ஆனால் பெட்டியில் வந்த அத்தனை ரீலையும், ஊர் பேர் தெரியாத ஒருவரின் படத்தையும், கடைசி அடிவரை ஓட்டியே தீருவோம் என்ற இவர்களின் பிடிவாதம் இல்லையென்றால், என் அப்பா ஒரு பெட்டிக்குள்ளேயே இருந்திருப்பார். டிக்கெட் கிழிக்கும்போது இப்போதெல்லாம் என் கை கொஞ்சம் மரியாதையோடு கிழிக்கிறது.

கேட்டு வந்தவர்கள் அதிகம் என்பதால் கோடையில் இன்னொரு காட்சி வைத்தார்கள். மடிப்புத் தாளில் என் பத்தியை மாற்றி எழுதினேன். அப்பாவிடம் சொன்னதும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் அங்க இன்னா டைமுக்கு வர்றேன்?"

"பன்னெண்டு இருபத்தஞ்சுக்குப்பா. அங்க நாலு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"மேட்னி டைமு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மடிக்கணினியும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். ஆம்பூரில் அப்பாவும் கரீம் பாயும் டீக்கடையில் கடிகாரத்துக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்று அம்மா பிறகு சொன்னார். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஆறு வந்தது. கட்டில் போனது. இடது கையைச் சீட்டில் வைத்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்து, திரும்பி, என்னைப் பார்த்தார். பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. தாய் பேசிக்கொண்டிருந்தாள், போன முறை விட்ட இரண்டு வரிகளையும் போட வேண்டியிருந்தது.